வால்ப்ரோயேட் உட்கொள்ளும் பெண், கருவுறும் முன்பே

உங்கள் தங்கைக்கு 23 வயது என்றும், 16 வயதில் தொடங்கிய இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்புக்காக (கைகள் திடீரென்று உதறும் வகை) நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சோடியம் வால்ப்ரோயேட் உட்கொண்டு வருகிறார் என்றும், இன்னும் 4 மாதத்தில் திருமணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த மாத்திரையால் பிறக்கும் குழந்தைக்குக் குறை ஏற்படும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை; இப்போதே நிறுத்திவிடலாமா, அல்லது கரு தங்கியது தெரிந்தவுடன் நிறுத்தினால் போதுமா என்று கேட்கிறீர்கள். இரண்டுமே செய்யக் கூடாதவை. இப்போது தாமாக நிறுத்தினால் ஆபத்து தங்கைக்கு. கரு தங்கிய பிறகு நிறுத்தினால் குழந்தைக்கு அதனால் கிடைக்கும் பாதுகாப்பு மிகக் குறைவு, தாய்க்கான ஆபத்தோ அப்படியே இருக்கும். கருவுறுவதற்கு மாதங்கள் முன்பே, நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில், மெல்ல மாற்றுவதுதான் வழி. உங்களுக்கு அந்தக் கால அவகாசம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கரு தங்கிய பிறகு நிறுத்துவது ஏன் பயன் தராது என்பதைப் புரிந்துகொள்ளக் கருவின் நாட்கணக்கு தெரிய வேண்டும். மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் தகடு தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு ஒரு குழாயாக மூடிக்கொள்கிறது. இந்த நரம்புக் குழாய் முழுவதும் மூடும் வேலை கருத்தரித்து 28 நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. மாதவிலக்குச் சீராக வரும் பெண்ணுக்கு அது, நாள் தள்ளிப்போய் ஏறத்தாழ 2 வாரம் ஆன சமயம். பலர் அப்போதுதான் பரிசோதனை செய்து பார்க்கிறார்கள். மருத்துவரிடம் போவதற்குள் இன்னும் சில வாரங்கள் ஓடிவிடுகின்றன. குழாய் கீழ்ப்பகுதியில் மூடாமல் நின்றால் தண்டுவடப் பிளவு ஏற்படுகிறது. கால்கள் செயலிழக்கலாம், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போகலாம், மூளையில் நீர் கோத்துக்கொள்ளலாம். வால்ப்ரோயேட் உட்கொள்ளும் தாய்மார்களின் குழந்தைகளில் 100 பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இது நேர்கிறது; பொதுவாகப் பிறக்கும் குழந்தைகளோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு அதிகம். இதயத்தின் சுவர்களும் மேலுதடும் உருவாவது அதற்கு அடுத்த சில வாரங்களில். ஆகவே உறுப்புகளின் வடிவத்தைப் பொறுத்தவரை, செய்தி தெரியவரும்போது காலத்தின் பெரும்பகுதி கடந்துவிட்டிருக்கும்.

எந்த மருந்தும் சாப்பிடாத தாய்க்கும், 100 குழந்தைகளில் 2 அல்லது 3 குழந்தைகள் ஏதாவதொரு பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. வலிப்பு மருந்துகளைப் பற்றிய கணக்குகளை இந்த அடிப்படை எண்ணோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். 1999இல் தொடங்கிய யூராப் என்னும் பன்னாட்டுப் பதிவேடு, 42 நாடுகளிலிருந்து 7000க்கும் மேற்பட்ட கர்ப்பங்களைப் பின்தொடர்ந்து, குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை பார்த்து, 2018இல் வெளியிட்ட முடிவுகள் மிகவும் நம்பத்தக்க கணக்குகளில் அடங்கும். ஒரே மருந்தை மட்டும் உட்கொண்டவர்களில் பெரிய பிறவிக் குறைபாடு கண்ட விகிதம் வால்ப்ரோயேட்டுக்கு 10.3 சதவீதம், ஃபீனோபார்பிட்டாலுக்கு 6.5, ஃபெனிட்டாயினுக்கு 6.4, கார்பமசெப்பினுக்கு 5.5, டோப்பிராமேட்டுக்கு 3.9, ஆக்ஸ்கார்பசெப்பினுக்கு 3.0, லாமோட்ரிஜினுக்கு 2.9, லெவெட்டிராசிட்டாமுக்கு 2.8 சதவீதம். கடைசி மூன்றும் மருந்தே சாப்பிடாத தாய்மார்களின் எண்ணுக்கு அருகில் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள். மருந்தின் பெயரைப் போலவே அளவும் முக்கியம். வால்ப்ரோயேட் நாளொன்றுக்கு 650 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ இருந்தபோது 6.3 சதவீதம், 650க்கு மேல் 1450 வரை 11.3, அதற்கும் மேலே போனால் 25.2, அதாவது நான்கில் ஒரு குழந்தை. உங்கள் தங்கையின் 1000 மில்லிகிராம் நடுப்பிரிவில் வருகிறது.

இந்த எண்களை மறுபுறமிருந்தும் பார்க்க வேண்டும். வால்ப்ரோயேட் உட்கொண்ட தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது உருவக் குறைபாடு இல்லாமலே பிறக்கின்றன. ஏற்கெனவே இந்த மருந்தோடு கருவுற்றிருக்கும் யாரேனும் இதைப் படித்தால், அவர்கள் இந்த வரியை மறக்கக் கூடாது.

ஆனால் உருவத்தில் குறையில்லாத குழந்தையைப் பற்றியும் பேசியாக வேண்டும். வால்ப்ரோயேட்டை மற்ற மருந்துகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இடம்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1999 முதல் 2004 வரை கர்ப்பிணிகளைச் சேர்த்து, கிம்ஃபோர்டு மீடர் என்ற நரம்பியல் மருத்துவரின் தலைமையில் நடந்த ஆய்வு, அந்தக் குழந்தைகள் 6 வயதானபோது அவர்களின் அறிவுத்திறனை (ஐ.க்யூ.) அளந்தது. தாய் லாமோட்ரிஜினோ ஃபெனிட்டாயினோ உட்கொண்டிருந்தால் சராசரி 108. கார்பமசெப்பின் என்றால் 105. வால்ப்ரோயேட் என்றால் 97. அளவு கூடக் கூட மதிப்பெண் இறங்கியது. சொல்திறனும் நினைவாற்றலும் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வு, வால்ப்ரோயேட் கருவில் பட்ட குழந்தைகளில் ஆட்டிசம் வகைக் குறைபாடுகள் 4.42 சதவீதம் என்றும், பொதுவாக 1.53 சதவீதம் என்றும் கண்டது. பேச்சு, நடை, கற்றல், கவனம் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பத்தில் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு ஏதாவதொரு வளர்ச்சிச் சிக்கல் இருக்கக்கூடும் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கிறது. இவை ஸ்கேனில் தெரிவதில்லை, பிறந்தவுடனும் தெரிவதில்லை. பள்ளிக்குப் போகும் வயதில்தான் தாய்க்குப் புரியும். அந்தத் தாய் பல ஆண்டுகள் வளர்ப்பில் என்ன தவறு செய்தோம் என்று தன்னையே நொந்துகொண்டிருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம், முன்கூட்டியே சொல்லப்படாத ஒரு செய்தியின் கனம் எவ்வளவு என்று எனக்குத் தோன்றும். மூளை கர்ப்பகாலம் முழுவதும் வளர்வதால், இந்தப் பாதிப்பு முதல் 3 மாதங்களோடு முடிந்துவிடும் என்றும் யாரும் உறுதி சொல்ல முடியாது.

மருந்து இதை எப்படிச் செய்கிறது? வால்ப்ரோயேட், மரபணு இழைகள் சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின்மேல் வேலை செய்யும் ஒரு நொதியைத் தடுக்கிறது என்று 2001இல் தெரியவந்தது. எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்ற ஒழுங்கு கருவில் நாள் தவறாமல் நடக்க வேண்டியது. அந்த ஒழுங்கு குலைகிறது. உடல் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைப் பயன்படுத்தும் விதத்திலும் இந்த மருந்து குறுக்கிடுகிறது. மரபுக்கூறும் இதில் பங்கு வகிக்கிறது. ஒரே அளவு மருந்து உட்கொண்ட இருவரில் ஒருவரின் குழந்தை மட்டும் பாதிக்கப்படலாம். ஆனால் வால்ப்ரோயேட்டால் ஒரு குழந்தை பாதிக்கப்பட்ட தாய்க்கு, அதே மருந்தோடு அடுத்த குழந்தைக்கும் பாதிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

இந்தச் செய்தி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதோ என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. வால்ப்ரோயிக் அமிலம் 1882இல் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டு, பல்லாண்டுகள் வெறும் கரைப்பானாகவே பயன்பட்டது. 1962இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பியேர் எமார் என்ற ஆய்வாளர் வேறு சில பொருள்களை அதில் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் வலிப்பு அடங்குவதைக் கண்டார்கள். வலிப்பை அடக்கியது கரைப்பான்தான் என்று பிறகு புரிந்தது. 1967இல் பிரான்சில் மருந்தாக வந்தது. வலிப்பு மருந்துகளுக்கும் உதட்டுப் பிளவுக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1968இலேயே மருத்துவ இதழில் கடிதம் வெளியாகியிருந்தது. 1982இல் லியோன் நகரில் பிறவிக் குறைபாடுகளைப் பதிவு செய்துவந்த எலிசபெத் ரோபேர், தண்டுவடப் பிளவுள்ள குழந்தைகளின் தாய்மார்களில் வால்ப்ரோயேட் உட்கொண்டவர்கள் எதிர்பாராத எண்ணிக்கையில் இருப்பதைக் கண்டு எழுதினார். அதன் பிறகு மருத்துவர்களுக்குச் செய்தி தெரியாது என்று சொல்ல முடியாது.

பெண்களுக்கோ தெரிவிக்கப்படவில்லை. பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில் இந்த மருந்து அனுமதிக்கப்பட்டபோதே, விலங்குச் சோதனைகளில் கண்ட அபாயத்தை மருத்துவர்களிடம் சொல்லலாம், ஆனால் நோயாளியின் கைக்குப் போகும் தாளில் எழுத வேண்டாம் என்று மருந்துப் பாதுகாப்புக் குழு கருதியிருந்தது. வீண் கவலை வேண்டாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த ஆவணங்களைப் பாதிக்கப்பட்ட தாய்மார்களே பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்தார்கள். பிரான்சில், தன் இரு குழந்தைகளும் பாதிக்கப்பட்ட மரின் மார்த்தான் என்ற தாய் 2011இல் ஓர் அமைப்பைத் தொடங்கிப் போராடிய பிறகே அரசு விசாரித்தது. 1967 முதல் அந்த ஒரு நாட்டில் மட்டும் 2150 முதல் 4100 குழந்தைகள் வரை இந்த மருந்தால் பெரிய உருவக் குறைபாட்டோடு பிறந்திருக்கலாம் என்று 2017இல் அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்பட்டது. பிரிட்டனில் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணை 2020 ஜூலையில் அறிக்கை தந்தது. தாய்மார்கள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் மருத்துவ அமைப்பே தட்டிக்கழித்தது என்று அது எழுதியது. 2018 முதல் ஐரோப்பாவில் கருவுறக்கூடிய வயதிலுள்ள பெண்ணுக்கு, வேறு மருந்து எதுவும் பயன்படாத நிலையில் மட்டுமே, அதுவும் கருத்தடை ஏற்பாட்டோடும் ஆண்டுதோறும் மறுபரிசீலனையோடும்தான் வால்ப்ரோயேட் தரலாம். உங்கள் தங்கைக்கு 16 வயதில் இந்த மாத்திரை எழுதப்பட்டபோது யாராவது உங்கள் பெற்றோரிடம் இதைச் சொன்னார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அது உங்கள் குடும்பத்தின் குற்றமல்ல.

இனி நிறுத்துவதன் ஆபத்து. உங்கள் தங்கைக்கு இருக்கும் வலிப்பு வகையை அதன் அடையாளங்களால் எளிதில் அறியலாம். காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெடுக்கென்று உதறும்; காபி டம்ளரோ சீப்போ கையிலிருந்து தெறித்து விழும். தூக்கம் கெட்ட மறுநாள் முழு வலிப்பு வரும். மருந்து சாப்பிட்டால் நன்றாக அடங்கும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வலிப்பு இல்லை என்பதால் நோய் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாத வகை இது. திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்புக்கும், உறக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கும்கூட இடமுண்டு. கர்ப்பிணிக்கு முழு வலிப்பு வந்தால் விழுந்து அடிபடுவதோடு, அந்த நிமிடங்களில் குழந்தைக்குப் போகும் பிராணவாயுவும் குறைகிறது. கருவைக் காப்பாற்றுவதாக நினைத்து மாத்திரையைக் குப்பையில் போட்ட பெண்கள் உயிரிழந்திருக்கிறார்கள். இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டில் எல்லாரும் படிக்கட்டும்.

மாற்றுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது; அதை மறைத்து ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. இவ்வகை வலிப்புக்கு வால்ப்ரோயேட் அளவுக்கு வேலை செய்யும் மருந்து வேறில்லை. பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வில் லெவெட்டிராசிட்டாம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. ஆயினும் பலருக்கு லெவெட்டிராசிட்டாம் போதுமானதாகவே இருக்கிறது. கருவுறப்போகும் பெண்ணுக்கு மருத்துவர்கள் முதலில் நினைப்பதும் பெரும்பாலும் அதைத்தான். எரிச்சல், கோபம், மனச்சோர்வு ஆகியவை அதன் பக்கவிளைவுகள். அவற்றைப் புதுமணப்பெண்ணின் குணம் என்று புகுந்த வீட்டார் தவறாக எண்ணிவிடக் கூடாது. லாமோட்ரிஜினும் கருவுக்குப் பாதுகாப்பானது. ஆனால் சிலருக்குக் கை உதறலை அது கூட்டிவிடும். மேலும், தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமையைத் தவிர்க்க அதை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். வால்ப்ரோயேட் கூடவே இருக்கும்போது லாமோட்ரிஜின் இரத்தத்தில் தேங்கி நிற்பதால் இன்னும் மெதுவாக ஏற்ற வேண்டும். கார்பமசெப்பின், ஃபெனிட்டாயின் ஆகியவை இவ்வகை உதறலை மோசமாக்கக்கூடியவை. டோப்பிராமேட், உதட்டுப் பிளவோடும், வட ஐரோப்பிய நாடுகளில் 2022இல் வெளியான ஆய்வின்படி ஆட்டிசத்தோடும் தொடர்புபடுத்தப்பட்டிருப்பதால் அதுவும் இப்போது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது. புதிய மருந்தை ஏற்றி, பழையதை இறக்கி, அதன் பிறகு சில மாதங்கள் வலிப்பு இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்தத்தில் 6 மாதமோ ஓராண்டோ ஆகலாம். அதுவரை உறுதியான கருத்தடை தேவை.

முயன்றும் வேறெதற்கும் வலிப்பு அடங்காத பெண்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கு, எல்லாவற்றையும் தெரிந்துகொண்ட பிறகு, வால்ப்ரோயேட்டை முடிந்தவரை குறைந்த அளவில், ஒரே வேளையில் மொத்தமாக விழுங்காமல் பிரித்து உட்கொள்ளும்படி மருத்துவர் அமைத்துத் தரலாம். இரண்டு மருந்துகள் சேர்வதே ஆபத்து என்று முன்பு நினைத்தார்கள். சேர்க்கையில் வால்ப்ரோயேட் இருக்கிறதா, எந்த அளவில் இருக்கிறது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது என்று இப்போது தெரிகிறது. அந்த முடிவை அந்தப் பெண்தான் எடுக்க வேண்டும், மற்றவர்கள் உடனிருக்கலாம்.

ஃபோலிக் அமிலத்தை இப்போதிருந்தே தொடங்கலாம். நம் ஊரில் 5 மில்லிகிராம் மாத்திரைதான் எளிதில் கிடைக்கிறது. பிரிட்டனிலும் அதே அளவைச் சொல்லி வந்தார்கள். அதிக அளவு தேவையா என்பதில் இப்போது கருத்து வேறுபாடு இருக்கிறது. அமெரிக்க நரம்பியல் வழிகாட்டுதல் 2024இல் குறைந்தது 0.4 மில்லிகிராம் என்றே கூறியது. அளவை மருத்துவர் சொல்லட்டும். ஃபோலிக் அமிலம் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு அறிவுத்திறன் சற்றுக் கூடுதலாக இருந்தது உண்மை. அதற்காக அது வால்ப்ரோயேட்டின் தீமையை முறித்துவிடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மாற்றிய மருந்தோடு கருவுற்ற பிறகும் கவனம் தேவைப்படும். கர்ப்பத்தில் உடல் லாமோட்ரிஜினை வேகமாக வெளியேற்றுவதால் இரத்தத்தில் அதன் அளவு பாதிக்கும் கீழே இறங்கலாம், லெவெட்டிராசிட்டாமும் குறையும். எனவே கர்ப்பத்துக்கு முன்பே ஒருமுறை இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அதனோடு ஒப்பிட்டு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். பிரசவம் ஆன சில நாட்களிலேயே மீண்டும் குறைக்க வேண்டும். 18 முதல் 20 வாரத்துக்குள் செய்யும் விரிவான ஸ்கேனில் முதுகுத்தண்டு, இதயம், உதடு ஆகியவற்றைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுக்கலாம். இத்தகைய கவனிப்புக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. அண்டையிலுள்ள திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதலே வலிப்பு உள்ள கர்ப்பிணிகளுக்கான பதிவேட்டை நடத்தி, பிறந்த குழந்தைகளையும் பின்தொடர்ந்து வருகிறது. நம் பெண்களைப் போன்றவர்களைப் பற்றிய அறிவில் கணிசமான பங்கு அங்கிருந்து வந்ததுதான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. வலிப்பு இருப்பது திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் ஒன்றாக இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இருந்தது; 1999இல் அது நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் மாறிய அளவுக்கு வீடுகள் மாறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மறைத்து மணமுடித்துக் கொடுத்த பெண்கள் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து வைத்து, வேளை தவறி, பிறகு அடியோடு விட்டுவிடுகிறார்கள். மருந்தை மாற்றும் ஓராண்டில், கருத்தடை வேண்டும் என்ற நிலையில், கணவருக்குத் தெரியாமல் எதையும் செய்ய முடியாது. திருமணத்துக்கு முன்பே அவரையும் அழைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். வலிப்பு நாட்களைக் குறித்து வைத்த நோட்டு, பழைய மூளை மின்வரைபடம், இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். திருமணத் தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதிகாலை முகூர்த்தம் என்றால் மணப்பெண் முந்தைய இரவு கண்ணை மூடவே வாய்ப்பில்லை. இவ்வகை வலிப்புக்குத் தூக்கமின்மையைவிடப் பெரிய தூண்டுதல் கிடையாது. பழைய மாத்திரையைக் குறைக்கும் வாரங்கள் அந்த நாளோடு மோதாதபடி மருத்துவர் திட்டமிடுவார். முடிந்தால் முகூர்த்தத்தை 9 மணிக்கு மேல் வைக்கும்படி பெரியவர்களிடம் இப்போதே கேட்டுப் பாருங்கள்.